மருத்துவமனைப் பணியாளரின் விஞ்ஞானம்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள். டாக்டர் காயத்தைத் தைக்கிறார். நர்ஸ் ஊசி போடுகிறார். சரி, டாக்டர் கையிலெடுத்த இடுக்கியை அதற்கு முன்பே கிருமி நீக்கி வைத்தவர் யார்? தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைத்தவர் யார்? வார்டுபாய், ஆயா, தூய்மைப் பணியாளர் என்று பல பெயர்களில் அழைக்கப்படும் இவர்களின் வேலையில் விஞ்ஞானம் ஏதுமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். மாணவர்களே, உங்கள் பாடப் புத்தகத்தைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் இடுக்கி. சாணம் கலந்த தோட்டத்து மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். வித்து என்பது கிருமி தடித்த உறைக்குள் உறங்கும் நிலை. கொதிநீரில் சாதாரணக் கிருமிகள் சில நிமிடங்களில் மடிந்துவிடும், வித்துகள் தப்பிவிடலாம். இதற்காகவே ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலன் பயன்படுகிறது. பாஸ்டருடன் பணியாற்றிய சார்லஸ் சாம்பர்லாந்து 1879-ல் இதை உருவாக்கினார். வீட்டிலுள்ள பிரஷர் குக்கருக்கு இது நெருங்கிய உறவு. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும் அல்லவா? சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 121 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வித்துகளும் அழியும்.

ஆனால் முள் 15-ஐக் காட்டினால் மட்டும் போதாது. கலனுக்குள் காற்று தங்கிவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையது. வெப்பம் 121-ஐ எட்டாது. குக்கரில் ஆவி நன்றாக வெளிவந்த பிறகே வெயிட் போடும்படி அம்மா சொல்வது இதே காரணத்தால்தான். இன்னொன்று: கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சற்றுக் குறைவு. ஆகவே அதே 15 பவுண்டில் சென்னையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகவே கிடைக்கும். அனுபவமுள்ள பணியாளர் அழுத்தமானியோடு வெப்பமானியையும் பார்ப்பார். துணிக் கட்டுகளை நெருக்கி அடுக்கமாட்டார். நெருக்கினால் நடுவில் ஆவி நுழையாது. ஈரமான கட்டைப் பயன்படுத்தவும் விடமாட்டார். ஈரத்துணி வழியே கிருமிகள் எளிதில் ஊடுருவும்.

அடுத்து, தரையிலுள்ள இரத்தம். உடனே துடைப்பது தவறு. அது கிருமியைப் பரப்பும். உறிஞ்சும் துணியால் மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, பத்து நிமிடமாவது பொறுத்துத் துடைக்க வேண்டும். கையிலிருப்பது 5 சதவீதக் கரைசல் என்றால் எவ்வளவு நீர் சேர்ப்பது? ஒரு பங்குக்கு நான்கு பங்கு. இந்தக் கணக்கை வாளியருகே நின்று போடுபவர் ஆயாம்மாதான். கழிவறை கழுவும் அமிலத்தை இதனுடன் கலந்துவிட்டால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

கழிவைப் பிரிப்பதற்கு 2016-ம் ஆண்டு விதிகள் நான்கு நிறங்களைக் குறிக்கின்றன. இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, அது எரிக்கப்படும். பிளாஸ்டிக் குழாய்களும் கையுறைகளும் சிவப்புப் பைக்கு. கண்ணாடிக் குப்பிகளுக்கு நீலம். ஊசியும் கத்தியும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. குளோரின் அடங்கிய பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகக் கூடும் என்பதால் மஞ்சளும் சிவப்பும் கலக்கக் கூடாது.

இங்கே ஒரு அநீதியும் உண்டு. அவசரத்தில் ஊசியைச் சிவப்புப் பையில் போடுபவர் ஒருவர்; பையைத் தூக்கும்போது குத்துப்படுபவர் இன்னொருவர். மஞ்சள் காமாலை-பி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு அந்நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எய்ட்ஸ் கிருமிக்கு அது ஆயிரத்தில் மூன்றுதான். ஆகவேதான் கழிவைக் கையாளும் பணியாளருக்கு மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போடுவது நிர்வாகத்தின் கடமை என்று அதே விதிகள் சொல்கின்றன. குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது இன்னும் நல்லது.