வெள்ளி முலாம்

மாணவர்களே! உள்ளொன்றும் புறமொன்றுமாகப் பேசுவதை ‘முலாம் பூசிய பேச்சு’ என்று பெரியோர் இகழ்வதுண்டு. ஆயினும், எல்லா முலாமும் அழகுக்காகப் பூசப்படுவதன்று. இதனை நம் பெங்களூரிலேயே அறியலாம்.

பீனியா தொழிற்பகுதியில் முலாம் பூசும் பட்டறைகள் பல உள்ளன. மின்பலகைகளில் பொருத்தும் செம்புப் பட்டைக்கு வெள்ளி முலாம் பூசுவதை எடுத்துக்கொள்வோம். செம்பின்மேல் நாளடைவில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும், இணைப்பு சூடேறும். உலோகங்களுள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. எனவே, சில மைக்ரான் தடிமனுக்கு அதனைப் பூசுவர். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான்.

தூய்மை செய்த பட்டையை வெள்ளி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, எதிர்மின்வாயாக இணைப்பர். நேர்மின்வாயாக வெள்ளித் தகடு இருக்கும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 4 கிராம் வெள்ளி பட்டையில் படியும்.

இக்கரைசலில் பெரும்பாலும் சயனைடு இருக்கும். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற முறை இது. அமிலம் கலந்தால் இக்கரைசலிலிருந்து உயிர்கொல்லும் வாயு எழும். ஆகவே, அமிலத் தொட்டியைத் தனியே வைத்தல் வேண்டும். கழிவுநீரை நச்சு நீக்காமல் வெளியேற்றலாகாது. முலாமின் பளபளப்பை வியக்கும் நாம், தொட்டியருகே கையுறையுடன் நிற்பவரை நினைப்பதில்லை.

பளபளப்பும் எங்கும் வேண்டப்படுவதன்று. பாத்திரங்களுக்கு அது வேண்டும். மின்கருவிகளுக்கோ பல இடங்களில் மங்கலான முலாமே ஏற்றது. பளபளப்புக்காகச் சேர்க்கும் பொருள்கள் வெள்ளியோடு படிந்து, மின்கடத்தலைச் சிறிது குறைக்கும்.

இதே பீனியாவின் தொழிற்கொட்டகைகளில்தான் 1975இல் ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோள் உருவாயிற்று. பிற்காலச் செயற்கைக்கோள்களில் நுண்ணலைகளைக் கொண்டுசெல்லும் அலுமினியக் குழாய்களின் உட்புறத்திலும் வெள்ளி முலாம் பூசுவர். நொடிக்கு 1000 கோடி முறை அதிரும் மின்னோட்டம் வெள்ளியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழத்திலேயே பெரும்பாலும் பாயும். அங்கே அலுமினியம் வெறும் தாங்கியே. மின்சாரத்தைச் சுமப்பது முலாம்.

சொற்பொருள்: மைக்ரான் – மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இகழ்தல் – பழித்தல்.

பயிற்சி: உங்கள் வீட்டாரோ அண்டை வீட்டாரோ தொழிற்கூடத்தில் பணிபுரிந்தால், அவர்கள் நாள்தோறும் வழங்கும் கருவிப் பெயர்கள் ஐந்தினைக் கேட்டு எழுதுக. அவற்றுள் தமிழ்ச்சொற்கள் எவை, கன்னடச் சொற்கள் எவை எனப் பிரித்துக் காட்டுக.