வயிற்றில் மூன்று... வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன்!

அம்பத்தூரில் ஓர் இளம் தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி ஐந்து வருடம். மாத்திரை, ஊசி என்று சிகிச்சை எடுத்து, இப்போதுதான் நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மூணு தெரியுதும்மா" என்கிறார். ஆட்டோவில் ஏறும் வரை கணவர் வாயே திறக்கவில்லை. அவளுக்கோ சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை. "என்னங்க, வீட்டுல எப்படிச் சொல்றது?"

வீட்டில் சொன்னதும் மாமியார் திருஷ்டி சுற்றிப் போடுவார். பெண்ணின் அம்மா, "ஒன்பதாம் மாசம் வளைகாப்பு போட்டு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்" என்பார். கணக்கு தப்புவது இங்கேதான். மூன்று குழந்தைகள் பெரும்பாலும் ஒன்பதாம் மாதம் முடியும் வரை காத்திருப்பதில்லை. ஒற்றைப் பிள்ளைக்கு 40 வாரம் என்றால், மூன்றுக்கு சராசரியாக 32, 33 வாரம்தான். ஆக, உங்கள் காலண்டரை முதல் நாளே மாற்றி எழுதுங்கள்.

எப்படி வந்தது மூன்று?

இயற்கையாக மூன்று தங்குவது சுமார் 8,000 பிரசவத்தில் ஒன்று. 1895-ல் ஹெல்லின் என்ற மருத்துவர் சொன்ன கணக்கு இது: இரட்டை 89-ல் ஒன்று, மூன்று என்றால் 89-ஐ 89-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சைகள் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. கருமுட்டையைத் தூண்டும் ஊசியில் ஒரே மாதத்தில் பல முட்டைகள் வெளிவரலாம். சோதனைக்குழாய் முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்தாலும் அப்படித்தான். 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தார். அதன் பிறகு நம் ஊரிலும் இந்தச் சிகிச்சை பரவலாகிவிட்டது. சிகிச்சைக்குப் போகும்போதே, "டாக்டர், ஒண்ணுக்கு மேல தங்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்பது நல்லது.

நஞ்சுக்கொடி எத்தனை?

11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் கட்டாயம். குழந்தைகளுக்குத் தனித்தனி நஞ்சுக்கொடியா, பகிர்ந்துகொள்கிறார்களா என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நாளானால் கண்டுபிடிப்பது கஷ்டம். பகிர்ந்துகொள்ளும் குழந்தைகளில் ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அதனால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தேவைப்படும்.

மனதைப் பிசையும் ஒரு பேச்சும் இந்தச் சமயத்தில்தான் வரும். மூன்றில் ஒன்றைக் குறைத்து, மற்ற இரண்டுக்கு வாய்ப்பைக் கூட்டலாமா என்று டாக்டர் கேட்கலாம். குறைத்தால் மிகச் சீக்கிரம் பிறக்கும் அபாயம் குறையும். ஆனால் அந்தச் சிகிச்சையாலேயே கர்ப்பம் கலையும் அபாயமும் உண்டு. இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. தம்பதி இருவரும் தனியாக உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. சொந்தக்காரர்கள் ஓட்டுப் போடும் விஷயம் அல்ல. ஆணா, பெண்ணா என்ற கேள்விக்கும் இதில் இடமில்லை. அதைச் சொல்வது 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம்.

எங்கே பிரசவம்?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சிங்ஹோம் ஒற்றைப் பிரசவத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். மூன்றுக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒரே நேரத்தில் மூன்று இன்குபேட்டர் காலியாக இருக்குமா? மூச்சுத்திணறல் வந்தால் கருவி உண்டா? நடு ராத்திரியிலும் குழந்தை டாக்டர் இருப்பாரா? ரத்தம் கிடைக்குமா? எதற்காவது "இல்லை" என்றால் வேறு இடம் பாருங்கள்.

அரசு மருத்துவமனை என்றால், 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள எஸ்டேட் தொழிலாளர் குடும்பத்தினர் அயனாவரம், கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். எந்த இடமானாலும் 24-வது வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். வலி வந்தபின் சாயங்கால நெரிசலில் சி.டி.எச். ரோட்டில் இடம் தேடி அலையக் கூடாது. பிறந்த குழந்தைகளை ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதைவிட, அம்மாவின் வயிற்றிலேயே அவர்களைக் கொண்டு சேர்ப்பதுதான் பத்திரம்.

சீக்கிரம் பிறக்கும் என்று தெரிந்தால், குழந்தைகளின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம். அடிவயிறு விட்டுவிட்டு இறுகுதல், நீர் கசிதல், ரத்தம், கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தைகளின் அசைவு குறைதல் - இதில் ஒன்று இருந்தாலும் "காலையில பாத்துக்கலாம்" வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாலு பேருக்குச் சாப்பிடணுமா?

வேண்டாம். சோற்றைக் குவிப்பதைவிட முட்டை, பருப்பு, கீரை, பால் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவது நல்லது. ரத்தசோகை, பிரஷர், சுகர் மூன்றும் இவர்களுக்கு அதிகம் வரும். இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். பத்து மாதமும் படுத்தே கிடந்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். களைப்பு வந்தால் படுங்கள். டாக்டர் அனுமதித்த அளவுக்கு நடமாடுங்கள்.

குழந்தைகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்குக் கீழேதான் இருக்கும். பயப்பட வேண்டாம். நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் 'கங்காரு' முறை 1978-ல் கொலம்பியாவில் தொடங்கியது. அதை அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, பெரியவர்களுக்கு: வளைகாப்பை ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ எளிமையாகப் போட்டுவிடுங்கள். பெண்ணைத் தூரத்து ஊருக்கு அழைத்துப் போவதற்குப் பதிலாக, அவள் அம்மா இங்கே வந்து இருக்கட்டும். தாய்வீடு என்பது தாய் இருக்கும் இடம்தானே!