வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக விரும்பும் ஆசிரியரா? முதலில் உங்கள் இனிஷியலைப் பாருங்கள்

'ஃபாரின் ட்ரெயினிங்' என்றதும் நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது, அதெல்லாம் சென்னையில் பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு என்பதுதான். வந்தவாசியிலோ தெள்ளாரிலோ அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. ஆனால் வாய்ப்பு வந்த பிறகு தயாராகலாம் என்று இருந்தால் பெரும்பாலும் கைநழுவிப் போய்விடும். அறிவிப்பு வந்து விண்ணப்பம் முடிய சில வாரங்கள்தான் இருக்கும். பாஸ்போர்ட்டையும் துறை அனுமதியையும் அந்த நாட்களில் தேடிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. நீங்கள் ஆசிரியராக இருந்தாலும், உங்கள் வீட்டில் ஓர் ஆசிரியர் இருந்தாலும், இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்திலேயே நடந்ததைப் பார்ப்போம். பள்ளிக் கல்வித்துறை நடத்திய 'கனவு ஆசிரியர்' தேர்வில் மூன்று கட்டங்களைத் தாண்டி 380 ஆசிரியர்கள் தேர்வானார்கள். அவர்களில் மிக அதிக மதிப்பெண் எடுத்த 55 பேர் பிரான்ஸ் நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா செல்லத் தேர்வு பெற்றார்கள். 2024 அக்டோபரில் அந்தப் பயணம் நடந்தது. மற்றவர்களுக்கு உள்நாட்டிலேயே கல்விச் சுற்றுலா. 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வந்தவாசியில் மோதிக்கொண்டதைப் பாடப்புத்தகத்தில் நடத்தும் சமூக அறிவியல் ஆசிரியருக்கு, அந்தப் பிரான்சையே நேரில் பார்த்துவிட்டு வந்து பாடம் எடுக்க வாய்ப்பு கிடைத்தால் எப்படி இருக்கும்! பஞ்சாப் அரசும் 2023இல் பள்ளி முதல்வர்களைச் சிங்கப்பூருக்கும், 2024இல் 72 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைப் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியது.

இவையெல்லாம் அரசே தேர்ந்தெடுத்து அழைத்துப்போகும் பயணங்கள். துறைச் சுற்றறிக்கையை ஒழுங்காகப் படித்து, அறிவிக்கும் தேர்வில் கலந்துகொள்வதுதான் நீங்கள் செய்ய வேண்டியது. இரண்டாவது வகைக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பற்றித்தான் நம் ஊர்ப்பக்கம் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஃபுல்பிரைட்: ஆறு வாரம், ஒரு வகுப்பறை

அமெரிக்காவில் 1946இல் செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் முயற்சியில் தொடங்கியது ஃபுல்பிரைட் திட்டம். இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1950 பிப்ரவரி 2ஆம் தேதி. இங்கே அதை நடத்துவது அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை, சுருக்கமாக யு.எஸ்.ஐ.இ.எஃப். தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் சென்னையிலும் அலுவலகம் உண்டு. 2008இல் போட்ட புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசும் இதற்குச் சரிசமமாகப் பணம் போடும் பங்காளி.

ஃபுல்பிரைட் என்றாலே பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனியாக 'டீச்சிங் எக்ஸலன்ஸ் அண்ட் அச்சீவ்மென்ட்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கானது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், சிறப்புக் கல்வி ஆகிய பாடங்களை நடத்துகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். பல நாட்டு ஆசிரியர்களோடு சேர்ந்து ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரம் படிக்க வேண்டும். பாடத்திட்டமிடல், கற்பிக்கும் முறைகள், வகுப்பில் தொழில்நுட்பம் என்று வகுப்புகள் இருக்கும். அதோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் அமெரிக்க ஆசிரியர் ஒருவருடன் இணைந்து பாடம் நடத்தவும் வேண்டும். பயிற்சியில் உயிர்நாடி இந்தப் பள்ளி அனுபவம்தான் என்று சொல்லலாம். அங்கே பாடப்புத்தகத்தை எப்படி விட்டு விலகுகிறார்கள், பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் பிடிபடும்.

விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு, விசா உதவி எல்லாமே திட்டத்தின் செலவு. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. முதல் கட்டம் தாண்டியவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்பி ஆசிரியர் பணியைத் தொடர வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேயே இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இதே குடும்பத்தில் ஒரு செமஸ்டர் நீளும், ஆய்வுத் திட்டம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டிய 'டிஸ்டிங்விஷ்ட் அவார்ட்ஸ்' திட்டமும் உண்டு. இவை எல்லாமே அந்தந்த ஆண்டு நிதியைப் பொறுத்தவை. ஓர் ஆண்டு இருக்கும், மறு ஆண்டு நிற்கும். அதனால் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பழைய அறிவிப்பை நம்பாமல் யு.எஸ்.ஐ.இ.எஃப் இணையதளத்தை நேராகத் திறந்து பாருங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஜப்பான் அரசின் 'ஆசிரியர் பயிற்சி மாணவர்' உதவித்தொகை இருக்கிறது. ஒன்றரை ஆண்டுப் படிப்பு, ஜப்பானிய மொழிப் பயிற்சியும் அதில் சேரும். கல்விக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை, விமான டிக்கெட் உண்டு. ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், வயது 35க்குள் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நம் அரசுப் பள்ளிகளில் வேலைக்குச் சேரும் வயதே முப்பதைத் தாண்டிவிடுவதால், இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்துகிறவர்கள் குறைவு. பொருந்தினால் தயங்காதீர்கள். ஜப்பான் தூதரக இணையதளத்தில் அறிவிப்பு வரும்.

இனிஷியல் என்ற சின்ன எழுத்து

இப்போது தலைப்புக்கு வருவோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'மு. கலைச்செல்வி' என்று இருக்கும். பணிப் பதிவேட்டிலும் அதேதான். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஒட்டி 'கலைச்செல்வி ரவி' ஆகியிருக்கும். பாஸ்போர்ட்டில் 'முனுசாமி கலைச்செல்வி' என்று எடுத்துவைத்திருப்பார்கள். ஒரே ஆள்தான். ஆனால் வெளிநாட்டு அலுவலர் ஒருவர் கணினியில் பார்க்கும்போது மூன்று பேர்!

டோஃபல் தேர்வுக்குப் பதியும்போது பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு மையத்துக்குள் விடமாட்டார்கள். இன்னொன்று, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரே குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்து மட்டும் நிற்கும். பயணம் தடைபடாது என்றாலும் பல்கலைக்கழகப் பதிவு, அடையாள அட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். போட்டி தொடங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை இது.

பாஸ்போர்ட் வேறு, பயண அனுமதி வேறு

அரசு ஊழியர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். பாஸ்போர்ட் எடுக்க உங்கள் துறையின் தடையின்மைச் சான்று வந்தாக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 'நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று உங்கள் அலுவலருக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து, அதன் நகலோடு விண்ணப்பிக்கலாம். கடிதத்தின் மாதிரி பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 'இணைப்பு எச்' என்று இருக்கிறது. தடையின்மைச் சான்றின் மாதிரி 'இணைப்பு ஜி'. 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். செல்லுபடி 10 ஆண்டு. செல்போனில் எம்-பாஸ்போர்ட் சேவா செயலியிலேயே விண்ணப்பித்து நாள் குறித்துக்கொள்ளலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மையங்களை, அஞ்சலக மையங்கள் உட்பட, அதுவே காட்டும். சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்.

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்பதால் கிளம்பிவிட முடியாது. அரசு ஊழியர் வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி வேண்டும். தொடக்கப்பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலர், திருவண்ணாமலையில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலர் என்று கோப்பு மேலே போகும். விண்ணப்பிக்கும்போதே 'இன்ன திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன், தேர்வானால் இத்தனை நாள் பயிற்சி' என்று உரிய வழியாக ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். தேர்வான பிறகுதான் முதல் தடவையாக அலுவலகத்துக்குத் தெரிய வருகிறது என்றால், அனுமதி கைக்கு வருவதற்குள் விமானம் கிளம்பிவிடும். ஒவ்வொரு கடிதத்திலும் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கி, அங்கேயே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

தேர்வுக்குழு உங்களை நேரில் பார்ப்பதற்கு முன் பார்ப்பது நீங்கள் எழுதிய கட்டுரையைத்தான். 'நான் அர்ப்பணிப்புள்ள ஆசிரியர், என் வகுப்பு நூறு சதவீதத் தேர்ச்சி' என்று எல்லாருமே எழுதுவார்கள். அதைப் படித்து யாருக்கும் உங்கள் வகுப்பறை தெரியப்போவதில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வந்தவாசியில் கோரைப்பாய் நெசவு செய்யும் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த ஒன்பதாம் வகுப்பு. வரைபடத்தைப் பார்த்து விலை ஏறியதா இறங்கியதா என்று சொல்ல வகுப்பில் பாதிப் பேருக்கு வரவில்லை. ஆசிரியை என்ன செய்தார்? வாராவாரம் பாய் என்ன விலைக்குப் போனது என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னார். எட்டு வாரம் கழித்து அந்த எண்களை வைத்தே பிள்ளைகள் கோட்டுப்படம் வரைந்தார்கள். 'மழைக்காலத்தில் ஏன் இறங்குது மிஸ்?' என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த தேர்வில் வரைபடக் கேள்விக்கு எத்தனை பேர் பதில் எழுதினார்கள், யாருக்கு இன்னும் வரவில்லை. இதை அப்படியே எழுதுங்கள். வராத பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள், அவர்களுக்காகத்தான் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்பது அதில் தானாகத் தெரியும். ஆரணியில் பட்டுத்தறி இருக்கிறது, செய்யாறு பக்கம் நெல் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறிப்பு எடுக்க வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்பாதீர்கள். நோட்டுப்புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்தாலே போதும். ஏ.ஐ. செயலியில் எழுதி வாங்கிவிடலாம் என்று தோன்றும். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்ற பயம் பலருக்கு. இலக்கணச் சுத்தத்தைவிட, கேட்டதைப் புரிந்துகொண்டு வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தெரிகிறதா என்பது முக்கியம். பெங்களூருவில் 1963 முதல் இயங்கும் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்துக்கு நம் மாநில ஆசிரியர்களும் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்கள். அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால் 'வேற யாராவது போகட்டும்' என்று நழுவாமல் பெயர் கொடுங்கள்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

டீச்சர் ஆறு வாரம் இல்லையென்றால் எங்கள் பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பது? நியாயமான கேள்வி. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பயிற்சி பொதுத்தேர்வோடு மோதும். செப்டம்பர், அக்டோபர் என்றால் காலாண்டுத் தேர்வு. எனவே போகும் ஆசிரியர் எந்தப் பாடங்களை முன்கூட்டியே முடிப்பார், யார் மாற்றாக வருவார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் குறுவள மையக் கூட்டத்தில் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் கற்றதைப் பகிரச் சொல்லிக் கேட்கலாம்.

பணம் கேட்டால்

'வெளிநாட்டு ஆசிரியர் பரிமாற்றம், முன்பணம் கட்டினால் இடம் உறுதி' என்று வரும் செய்திகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று அப்பட்டமான மோசடி. மற்றொன்று உண்மையான திட்டம்தான், ஆனால் பயிற்சி அல்ல, வேலை. அமெரிக்கப் பள்ளிகளில் மூன்று ஆண்டு வரை சம்பளத்துக்குப் பாடம் நடத்த 'ஜே-1 டீச்சர்' விசா உண்டு. அதற்கு ஆள் எடுக்கும் தனியார் ஏஜென்சிகள் பெரிய தொகை கேட்பார்கள். அரசுப் பணியில் இருக்கிறவர் ஆறு வாரப் பயிற்சி என்று நினைத்து இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலையே சிக்கலாகும். ஒப்பந்தத்தில் 'சம்பளம்', 'பள்ளி நியமனம்' என்ற சொற்கள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேர்வுக்கோ இடத்துக்கோ உங்களிடம் பணம் கேட்டால் அது ஃபுல்பிரைட்டும் இல்லை, ஜப்பான் அரசு உதவித்தொகையும் இல்லை. பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் தள்ளிப்போடாமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பரிமாற்ற எண்ணையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் கையில் வைத்திருங்கள்.