கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர்: கேமராவிலிருந்து தொடங்குங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒரு கடையில் போய், "எடிட்டிங்குக்கு நல்ல சிஸ்டம் ஒண்ணு வேணும்ணே" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். அநேகமாக அது, முந்தின நாள் கேம் ஆடுகிற பையன் ஒருவனுக்குப் போட்ட கொட்டேஷனாகத்தான் இருக்கும்: கண்ணாடிக் கேபினெட், கலர் கலராக மின்னும் ஃபேன், விலை கூடின மதர்போர்டு. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள், எந்த சாஃப்ட்வேரில் வெட்டுகிறீர்கள், எந்த இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர் என்னதான் செய்வார்?

இரண்டு மூன்று கேமராவில் 4கே எடுத்து, கல்யாண வீடியோ வெட்டிக் கொடுக்கும் ஒருவருக்கான மெஷினை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கேம் ஆடுகிறவர்களின் கணக்கு வேறு.

1. இருக்கிற மெஷினில் எது திணறுகிறது?

புதிதாக வாங்குவதற்கு முன் பழைய மெஷினில் ஒரு சோதனை. வழக்கமாக இழுக்கிற ஒரு டைம்லைனைத் திறந்து ஓடவிடுங்கள். பக்கத்தில் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதி திறந்திருக்கட்டும். அங்கே ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்று ஒரு சின்ன வரைபடம் இருக்கும். டைம்லைன் ஓடும்போது அது சுழியத்திலேயே கிடந்து, சிபியு மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டால் நோய் பிடிபட்டுவிட்டது. உங்கள் ஃபைலைப் பிரிக்கும் வசதி அந்த கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை, அல்லது சாஃப்ட்வேர் அதைப் பயன்படுத்தவில்லை. எல்லாச் சுமையையும் ப்ராசஸர் தனியாளாகச் சுமக்கிறது.

அடுத்து, மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு க்ளிப்பைத் திறந்து இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைல் எச்.264-ஆ, எச்.265-ஆ? நிறத் தகவல் 4:2:0-வா, 4:2:2-வா? சோனி ஏ7 IV போன்ற கேமராக்களில் எக்ஸ்ஏவிசி எஸ் என்று வைத்தால் எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று வைத்தால் எச்.265. கலர் கிரேடிங்குக்காகப் பலரும் 10 பிட் 4:2:2-இல் எடுக்கிறார்கள். படம் அருமையாக இருக்கும். ஆனால் ஆர்டிஎக்ஸ் 30, 40 தொடர் கார்டுகளுக்கு 4:2:2 ஃபைலைப் பிரிக்கத் தெரியாது. 4090 வைத்திருக்கிறவரும் இதே ஃபைலில் தடுக்கி விழுவது இதனால்தான்.

சோதனை முடிந்ததும் ஒரு கேள்வி: மாதத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணம்தான் வருகிறதா? அப்படியானால் ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் இலகுவான நகல் ஃபைல், உருவாக்கி வெட்டப் பழகுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது ப்ராக்ஸி போட்டுவிட்டால் காலையில் பழைய மெஷினே சரளமாக ஓடும். செலவு ஒரு ரூபாய் கிடையாது. அதுவும் போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

2. கிராஃபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்யுங்கள்

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 தொடர் கார்டுகள் எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 ஃபைலை நேரடியாகப் பிரிக்கின்றன. நம் வேலைக்கு இந்த ஒரு காரணமே போதும். டாவின்சி ரிசால்வில் இந்த வசதி முழுதாக வேண்டுமென்றால் ஸ்டூடியோ பதிப்பை வாங்க வேண்டும். இலவசப் பதிப்பை வைத்துக்கொண்டு புதுக் கார்டைத் திட்டக் கூடாது.

இந்தத் தொடரில் எது? என் தேர்வு 5070 டிஐ. 5070-இல் 12 ஜிபி மெமரி, டிஐ-யில் 16 ஜிபி. 4கே டைம்லைனில் ரிசால்வின் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டு, அதன் மேல் இரண்டு எஃபெக்ட் வைத்தால் 'ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது' என்று 12 ஜிபி கார்டு கைவிரிக்கலாம். மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் எடுத்த ரிசெப்ஷன் ஃபுட்டேஜுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாமல் முடியாது என்பதால், அந்த 4 ஜிபி நமக்கு ஆடம்பரமில்லை. போதாததற்கு, ஃபைலை எக்ஸ்போர்ட் செய்யும் என்கோடர் 5070-இல் ஒன்று, டிஐ-யில் இரண்டு. 5090-இல் 32 ஜிபி மெமரி இருக்கிறது. அது 575 வாட் குடிக்கும். நம் வேலைக்கு அது தேவையில்லை.

பட்ஜெட் இறுக்கமா? 5060 டிஐ பார்க்கலாம். ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு கார்டுகள் விற்கிறார்கள். கொட்டேஷனில் '5060 டிஐ' என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை ஜிபி என்று பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

3. ப்ராசஸர்: கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கூடியவை இரண்டு: இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே, ஏஎம்டி ரைசன் 9 9900எக்ஸ். முதலாவதில் 20 கோர், இரண்டாவதில் 12. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்; இன்டெலின் 20-இல் 12 சின்னக் கோர்கள்.

பிரீமியரில் எச்.265 வெட்டுகிறவர்களுக்கு நான் இன்டெலைச் சொல்வேன். அதன் உள்ளேயே இருக்கும் க்விக் சிங்க், எச்.265 4:2:2 ஃபைலைத் தானே பிரிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு சர்வீசுக்குப் போனாலும் வேலை நிற்காது. எச்.264 4:2:2-க்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 265கேஎஃப் என்று ஒன்று கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அந்த 'எஃப்' என்றால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, க்விக் சிங்க்கும் கிடையாது. மிச்சமாகும் பணத்துக்கு அது ஈடே இல்லை.

நாலைந்து வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு ஏஎம்டிதான் சரி. அதன் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

செகண்ட்ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் தள்ளி நில்லுங்கள். அதிக வோல்டேஜால் காலப்போக்கில் தேய்ந்து சிஸ்டம் க்ராஷ் ஆகும் பிரச்சினை அவற்றில் இருந்தது. 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது.

4. மதர்போர்டும் ரேமும்

மதர்போர்டில்தான் அதிகப் பணம் வீணாகிறது. எம்.2 ஸ்லாட் மூன்று, ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் நல்ல ஹீட்சிங்க், பின்பக்கம் வேகமான யுஎஸ்பி-சி ஒன்று. இவை இருந்தால் பி860 அல்லது பி850 போர்டு போதும். வாங்குமுன் அதன் மேனுவலை இணையத்தில் இறக்கி, எந்த எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் போட்டால் எந்த ஸ்லாட் செயலிழக்கும் என்ற பட்டியலை மட்டும் படியுங்கள்.

ரேம் 64 ஜிபி, 32 ஜிபி குச்சிகளாக இரண்டு. நான்கு குச்சி போட்டால் டிடிஆர்5 வேகம் குறைந்துவிடும். ரைசன் 9000-இல் நான்கு குச்சிக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600தான், இரண்டுக்கு 5600. "இப்ப ரெண்டு போடுங்க, அப்புறம் ரெண்டு சேத்துக்கலாம்" என்ற யோசனைக்குத் தலையாட்ட வேண்டாம். 2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. 64 கட்டுப்படியாகவில்லை என்றால் 24 ஜிபி குச்சி இரண்டு சேர்ந்த 48 ஜிபி செட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அசெம்பிள் செய்த பின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யச் சொல்லுங்கள். மறந்தால் காசு கொடுத்து வாங்கின வேகம் வராது.

5. டிஸ்க்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

4கே 50 ஃப்ரேம், 10 பிட் 4:2:2 ஃபுட்டேஜ் நொடிக்கு 200 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 25 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணமே 1,600 ஜிபியைத் தாண்டும்.

இதில் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. மூன்று கேமராவையும் மல்டிகேமில் ஓடவிட்டால் டிஸ்க்கிலிருந்து நொடிக்கு வேண்டியது வெறும் 75 எம்பி. நொடிக்கு 14,000 எம்பி படிக்கிறது என்று விற்கும் ஜென் 5 எஸ்எஸ்டி இங்கே ஒன்றும் கூடுதலாகக் கிழிக்கப் போவதில்லை, சூடாவதுதான் மிச்சம். இரண்டாவது, வேகத்தை விட இடம்தான் முக்கியம். ஆகவே விண்டோசுக்கும் சாஃப்ட்வேருக்கும் 1 டிபி, நடப்பு வேலைக்கு 4 டிபி, இரண்டும் ஜென் 4. பெட்டியில் டிஎல்சியா, க்யூஎல்சியா என்று பார்த்து டிஎல்சி எடுங்கள். க்யூஎல்சி டிஸ்க்கில் ஒரே மூச்சாக 500 ஜிபி காப்பி செய்தால் பாதி வழியில் வேகம் படுத்துவிடும்.

முடிந்த கல்யாணங்கள் ஹார்டு டிஸ்க்குக்குப் போகட்டும், இரண்டு பிரதிகளாக. ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். ஆல்பம் வாங்கிப்போன பிறகும் "அந்தத் தாலி கட்டுற சீன் மட்டும் திரும்ப வேணும் தம்பி" என்று போன் வரும்.

6. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்

கொட்டேஷனில் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது எஸ்எம்பிஎஸ். 265கே உச்சத்தில் 250 வாட், 5070 டிஐ 300 வாட், மற்றதற்கு 100 சேர்த்தால் 650. கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவை மீறி இழுக்கும். அதைத் தாங்க வேண்டும் என்கிறது ஏடிஎக்ஸ் 3.1 விதி. அந்த விதிப்படி செய்த 850 வாட் ஒன்று எடுங்கள். 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சார விரயத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். நம் ஊர் மே மாதத்தில் எத்தனை வருடம் உழைக்கும் என்று அந்த முத்திரை சொல்லாது. அதற்கு 7 அல்லது 10 வருட வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

யுபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் விஏ எண்ணை வாட் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 1000 விஏ என்றால் பல மாடல்களில் 600 வாட்தான். இந்த மெஷினுக்கும் மானிட்டருக்கும் 900 வாட் தருகிற 1500 விஏ வேண்டும். அதுவும் ப்யூர் சைன் வேவாக இருக்கட்டும். மலிவு யுபிஎஸ் தரும் படிக்கட்டு அலையை நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில ஏற்காமல், கரண்ட் போன நொடியிலேயே அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைக்க வேண்டும்.

எர்த். கேபினெட்டின் பெயிண்ட் போன திருகில் விரல் பட்டால் சுருக்கென்று லேசாக இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் இரும்புக்கு ஆளுக்கொரு சின்னக் கெப்பாசிட்டர் இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் இரும்பு உடம்பு 230-இல் ஏறக்குறைய பாதி வோல்ட்டில் மிதக்கும்; டெஸ்டர் வைத்தால் மினுக்கும். ஆளை அடிக்கிற அளவுக்குக் கரண்ட் இருக்காது. ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஒயரைச் சொருகும்போது போர்ட் போகலாம். ஏதாவது பழுதாகி லைன் நேராக இரும்பில் பட்டால் ஆபத்து நமக்கு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சிஸ்டம் வருவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

7. கேபினெட்டும் கூலரும்

எந்த ஏர் கூலரும், சாதாரண வாட்டர் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. ப்ராசஸரை அறையை விட 50 டிகிரி மேலே நிறுத்துகிற கூலர், ஏசி அறையில் 75 காட்டும். மின்விசிறி மட்டும் ஓடும் 38 டிகிரி அறையில் 88-ஐத் தொடும். விமர்சன வீடியோக்களில் வரும் எண்களை நம் வேலூர் வெயிலுக்கு இப்படிக் கூட்டிப் படிக்க வேண்டும்.

முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் பார்க்க அழகு, உள்ளே வேக்காடு. வலை முகப்பும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதை எடுங்கள். முன்னால் மூன்று ஃபேன் இழுக்க, பின்னால் ஒன்று தள்ளினால் போதும். உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. கூலருக்கு இரண்டு கோபுரமுள்ள ஏர் கூலர். பம்ப் கிடையாது, கசிவு பயமும் கிடையாது. உயரம் 155 முதல் 165 மில்லிமீட்டர் வரும் என்பதால் கேபினெட்டின் அளவைச் சரிபாருங்கள். கார்டின் நீளத்தையும் பாருங்கள். 5070 டிஐ-யில் சில மாடல்கள் 330 மில்லிமீட்டரையும் தாண்டும்.

8. வாங்கும் நாள்

ப்ராசஸர் பெட்டியோடு சீல் உடையாமல் வரட்டும். பெட்டியில்லாத 'ட்ரே' சரக்கு மலிவு, ஆனால் அதற்கு வாரண்டி பெரும்பாலும் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். 18 சதவீதத்தை மிச்சப்படுத்த பில் இல்லாமல் வாங்கினால் கார்டு புகைந்த அன்று போய் நிற்க ஓரிடம் இருக்காது.

உங்கள் சொந்த ஃபுட்டேஜ் கொஞ்சத்தை எஸ்எஸ்டியில் கொண்டுபோய், கடையிலேயே ஒரு டைம்லைன் போட்டு ஓடவிடுங்கள். வீடியோ டீகோட் வரைபடம் இப்போது எழும்ப வேண்டும். மானிட்டர் ஒயர் மதர்போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டின் 16 பின் பவர் ஒயரைக் கடைசி வரை அழுத்திச் சொருகி, இடைவெளி தெரியவில்லை என்று செல்போன் டார்ச் அடித்து உறுதி செய்யுங்கள். அரைகுறையாகச் சொருகினால் அந்த முனை உருகும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிஞ்சின ஒயர்களைக் குப்பையில் போடாமல் அதன் பெட்டியிலேயே வைத்து, மேலே மாடல் பெயரை எழுதுங்கள். வேறு கம்பெனி ஒயர் அச்சாக அதே மாதிரி இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் பின் வரிசை மாறியிருந்தால் இணைத்த நொடியில் டிஸ்க் கருகிவிடும்.