ஒயின் ஆலைச் சுற்றுப்பயணம்: திராட்சை வேளாளர் காண வேண்டுவது யாது?

நொய்யலாற்றின் தலைப்பகுதியில், தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, நரசிபுரம் முதலிய ஊர்ப்புறங்களில், பன்னீர் திராட்சைப் பந்தல்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. டிசம்பர், ஜனவரியில் கவாத்துச் செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு காய்ப்பு; மே, ஜூனில் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் மற்றொன்று. இருமுறை பலன் தரும் கொடி இருமுறையும் வேளாளரை வியாபாரியின் முன் நிறுத்துகிறது. பழுத்த குலை காத்திராது. மழை குறுக்கிட்டால் பழம் வெடித்துவிடும். வந்த விலைக்கு விடுவதன்றி வழியில்லை. ஆகவே, நாசிக்கில் செய்வது போல நாமும் பழத்தைப் பிழிந்து ஒயினாக்கினால் என்ன என்று கேட்கும் உறுப்பினர் உளர். அங்குள்ள ஆலைகளைப் பார்த்துவர விரும்புவோரும் உளர். நல்லது, போய்வரட்டும். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மது என்ற சொல்லுக்கே முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம் சங்கங்களில் பலர். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நம் அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்தில்தான். அவர்கள் சுளிப்பில் நியாயம் உண்டு. நாம் இங்கே ஆராய்வது பழத்தின் விலையை மட்டுமே.

நாசிக் நகரை அடுத்த கங்காபூர் அணைப்பக்கத்தில் ராஜீவ் சாமந்த் என்பார் சூலா என்னும் ஆலையை 1999இல் நிறுவினார். மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சைப் பதனத் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்துத் தீர்வைச் சலுகை அளித்தது. விஞ்சூரிலும் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் எழுந்தன. இன்று அங்கே செல்வோருக்கு எஃகுத் தொட்டிகளையும் ஓக் மரப் பீப்பாய்களையும் காட்டுவர். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை உடனே பிழிந்து பிரிப்பர். சிவப்புக்குத் தோலோடு புளிக்க விடுவர். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத மதுசாரம் உண்டாகும். ஆதலால் சர்க்கரை மிகுந்து, மணி சிறுத்து, தோல் தடித்த பழமே அதற்கு ஏற்றது. ஷிராஸ், ஷெனின் பிளாங்க் முதலிய வகைகள் அத்தகையன. நம் பன்னீர் திராட்சையோ பெரும்பாலும் தின்பதற்கே விளைவிக்கப்படுவது.

இவ்விடத்தில் உறுப்பினர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒயினுக்கென வளர்த்த பழத்தைத் தெருவில் கூறு கட்டி விற்க முடியாது. ஆலை எடுத்துக்கொண்டால் விலை, எடுக்காவிட்டால் குப்பை. 2008ஆம் ஆண்டையொட்டி விற்பனை சுருங்கியபோது நாசிக் பகுதியில் இதுவே நடந்தது. ஆலைகள் பழத்தை ஏற்க இயலாமல் கைவிரித்தன. வேளாளர் பலர் தாம் நட்ட கொடிகளைத் தாமே பிடுங்கினர். கொடி நட்டுப் பலன் காண ஆண்டுகள் ஆகும். பிடுங்க ஒரு நாள் போதும். பாவும் ஊடும் பிறரிடம் பெற்றுக் கூலிக்கு நெய்யும் நெசவாளருக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. தறி தம்முடையது, சேலை தம்முடையதன்று. ஆகவே பீப்பாயைப் பார்ப்பதிலும் ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்ப்பதே முதல் வேலை. விலை நடுகைக் காலத்திலேயே எழுதப்படுகிறதா, அறுவடையன்றா? சர்க்கரை அளவை எவர் அளக்கிறார், வேளாளர் எதிரிலா, அவர் இல்லாதபோதா? பழம் மறுக்கப்பட்டால் நட்டம் எவர் தலையில்?

அடுத்துக் காண வேண்டுவது வாயிலில் நடக்கும் வியாபாரம். சூலா 2005இல் சுவை பார்க்கும் கூடம் ஒன்றைத் திறந்தது. பயணிகள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, சுவைத்து, உண்டு, தங்கி, புட்டிகளும் வாங்கிச் செல்கின்றனர். நம் நாட்டில் இவ்வழி இப்படியே வராது. தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் வசம் உள்ளது. ஆலை வாயில் விற்பனையை நம்பிக் கணக்குப் போடலாகாது. ஆயினும் மருதமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் கோவைக் குற்றாலத்துக்கும் போகிறவர் கூட்டம் நம் பந்தல்களுக்கு அருகாகவே செல்கிறது. அவர்களுக்கு விற்க நம்மிடம் பழம் உண்டு, சாறும் இருக்கலாம்.

சாறு என்றோம். 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வெல்ச் என்னும் பல் மருத்துவர், மதுவை வெறுத்தவர், தம் தேவாலய வழிபாட்டுக்குப் புளிக்காத திராட்சைச் சாறு வேண்டுமென்று சூடேற்றிப் புட்டியில் அடைத்துப் பார்த்தார். அதுவே பெருந்தொழிலாயிற்று. 1956இல் அக்கம்பெனியைத் திராட்சை வேளாளரின் கூட்டுறவுச் சங்கமே வாங்கியது. பழம் கொடுப்பவரே ஆலைக்கும் உடையவர் ஆயினர். செய்முறையும் கடினமன்று: காம்பு நீக்கி நசுக்கிய பழத்தைச் சுமார் 60 பாகை வெப்பத்தில் வைத்தால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும், பிழிந்தபின் மீண்டும் சூடேற்றிக் கிருமி நீக்கி, குளிர்ச்சியில் சில வாரம் வைத்தால் புளிப்பு உப்பு அடியில் படியும், தெளிந்ததைப் புட்டியில் அடைக்கலாம். குளிர்பதனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவே கவனிக்கத் தக்கது. அதைத் தனி ஒருவர் தாங்க மாட்டார். பங்குத் தொகை சேர்த்த சங்கம் தாங்கும்.

ஒயினிலும் இவ்வழியில் நடந்தவர் உண்டு. ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மைஷோஸ் என்னும் ஊரார் 1868இலேயே கூட்டுறவு ஒயின் சங்கம் கண்டனர். தென்பிரான்சின் மரோசான் ஊரார் 1901இல் சங்கம் சேர்ந்து, தரகரை விலக்கி, பாரிஸ் தொழிலாளரின் கூட்டுறவுக் கடைகளுக்கு நேரே அனுப்பினர். அப்பகுதியெங்கும் விலை வீழ்ந்து 1907இல் வேளாளர் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்ததை நினைத்தால், மரோசானார் முந்திக்கொண்டதன் அருமை புரியும். நாசிக்கை உள்ளிட்ட மகாராஷ்டிரத்தில் 1991இல் திராட்சைச் சங்கங்கள் கூடி மகாகிரேப்ஸ் என்னும் கூட்டு அமைப்பை உண்டாக்கி, தின்னும் பழத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பத் தலைப்பட்டன. ஒயின் ஆலைகளைப் பார்க்கப் போகிறவர் இதன் குளிர்பதன வேலைகளையும் கட்டாயம் விசாரித்து வரவேண்டும். நம் கருத்தில் பயணத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே.

நாசிக்குக்குப் போக ஏற்ற காலம் அறுவடை நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. தொலைவு மிகுதி என்று கருதுவோர் பெங்களூரை அடுத்த நந்திமலைச் சாரலுக்குப் போகலாம்; குரோவர் ஆலை 1988இல் தொடங்கியது அங்கேதான். அச்சாரலில் பெங்களூர் நீலத் திராட்சை பயிரிடுவோரையும் தேடிப் பேசுக. அவர்கள் பழம் தின்னவும் ஆகும், சாற்றுக்கும் ஆகும், இனிப்பு ஒயினுக்கும் ஆகும். ஒரு வாயில் அடைத்தால் மறு வாயில் திறந்திருக்கிறது. நம் பன்னீர்ப் பழத்துக்கு அவ்வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டறியலாம். பயணத்துக்கு முன்பே கேட்பது நலம். ஒன்று மட்டும் மறவற்க: கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது, நம் புட்டியில் அப்பெயரை எழுதலாகாது. சங்கத்தார் அனுப்பும் குழுவில் கணக்கு அறிந்த ஒருவரும் கன்னடமோ மராத்தியோ பேசத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். ஒப்பந்தப் படிவத்தின் நகல் ஒன்றை வேளாளரிடமே கேட்டு வாங்கிவந்து, அடுத்த பொதுக்குழுவில் தமிழில் படித்துக் காட்டச் செய்க.