“மிஷினில் கோளாறு இல்லை” என்று கடைக்காரர் சொன்னால்...

கேள்வி: வக்கீல் ஐயா, நான் வேலூரை அடுத்த அமிர்தியில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். தீபாவளி போனஸ் வந்ததும் அங்கேயே ஒரு கடையில் 2,450 ரூபாய்க்கு டிவிடி பிளேயர் வாங்கினார். வீட்டில் பழைய டிவிடி, விசிடி நிறைய இருக்கின்றன. எங்கள் கல்யாண வீடியோ பென்டிரைவில் இருக்கிறது. மலையடிவாரம் என்பதால் சில நாள் டவரே கிடைக்காது. நெட்டை நம்பி எதையும் பார்க்க முடியாது. “கல்யாண வீடியோ பென்டிரைவ் இதில் ஓடுமா?” என்று கேட்டதற்கு, “எதைப் போட்டாலும் ஓடும்ணே, பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க” என்றாராம் கடைக்காரர். பெட்டியில் ‘ஆல் ஃபார்மட் சப்போர்ட்’ என்று பெரிதாக இருக்கிறது. வீட்டில் டிவிடி ஓடுகிறது. பென்டிரைவைச் செருகினால் ‘அன்சப்போர்ட்டட்’ என்று வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா கொடுத்த டிவிடியும் ஓடவில்லை. மூன்றாம் நாளே வீடியோ எடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். நேரில் போனால், “மிஷினில் கோளாறு இல்லை, விற்ற பொருளைத் திரும்ப எடுக்கறதில்லை” என்று சுவரில் மாட்டிய போர்டைக் காட்டுகிறார். பில்லுக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ சீட்டுதான் தந்தார். பணம் ஜிபேயில் போனது. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேஸா என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். எங்களுக்கு வழி உண்டா?

— ஒரு வாசகி, அமிர்தி

பதில்: உண்டு, சகோதரி. கடைக்காரர் சொன்ன “மிஷினில் கோளாறு இல்லை” என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் சட்டப்படி அந்தப் பிளேயர் குறைபாடுள்ள பொருளாக இருக்க முடியும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10)-இல் குறைபாடு எது என்று சொல்கிறது. லென்ஸ் படிக்கவில்லை, மோட்டார் சுற்றவில்லை என்பதோடு அது நிற்கவில்லை. ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் சரி, அவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான். உங்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார்; பெட்டியையும் காட்டிச் சொன்னார். இரண்டும் இந்த வரம்புக்குள் வரும்.

பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விளம்பரம் என்றால் டிவியில், பேப்பரில் வருவது மட்டும்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்தச் சட்டத்தின் பிரிவு 2(1), பொருளின் லேபிளையும் மேலுறையையும்கூட விளம்பரம் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே ‘ஆல் ஃபார்மட்’ என்ற அச்சு பொய்யானால் அது பிரிவு 2(28) சொல்லும் தவறான விளம்பரம். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ‘சில ஃபார்மட்டுகள் மட்டும்’ என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பெரிதாகச் சொன்ன வாக்குறுதிக்கு முரணாகச் சின்ன எழுத்தில் எதையும் எழுதித் தப்பிக்க முடியாது.

இனி எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று பார்ப்போம். இந்த இடத்தில்தான் இப்படிப்பட்ட வழக்குகள் சறுக்குகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் டிவிடி, விசிடி, எம்பி3, ஜேபெக், எம்பெக்-4 என்று வரிசையாக இருக்கும். விலை குறைந்த பிளேயர்களில் எம்பெக்-4 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகைப் படங்களைக் குறிக்கும். இன்டர்நெட் சென்டரில் சிடியில் ஏற்றித் தந்த பழைய ஏவிஐ ஃபைல்கள் அந்த வகை. இன்றைய ஸ்டூடியோக்கள் தரும் கல்யாண வீடியோவும், செல்போனில் எடுப்பதும் எம்பி4 என்ற பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது எச்.264 அல்லது அதற்கும் பிந்தைய எச்.265. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் பழைய வகைப் பிளேயரின் சிப் இவற்றைப் படிக்காது. “எம்பெக்-4 என்றுதான் போட்டோம், அது ஓடுகிறது” என்பார் கம்பெனி வக்கீல். பெட்டியில் இந்த வரிசை மட்டும் இருந்திருந்தால் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ‘ஆல் ஃபார்மட் சப்போர்ட்’ என்று அவர்களே பெரிதாகப் போட்டுவிட்டதால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

இன்னொரு கேள்வியும் வரும்: கோளாறு பென்டிரைவில் இருக்கலாம் அல்லவா? பெரிய ஃபைல்களுக்காகச் சில ஸ்டூடியோக்கள் பென்டிரைவை எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து தருகின்றன. சாதாரணப் பிளேயர் ஃபாட்32 முறையை மட்டுமே படிக்கும். அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகவும் முடியாது. உங்கள் பென்டிரைவ் எக்ஸ்ஃபாட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ இருந்திருந்தால், பெரும்பாலும் பென்டிரைவே இல்லை என்பதுபோல் திரையில் வந்திருக்கும். உங்களுக்கு ‘அன்சப்போர்ட்டட்’ என்று வருவதால், பிளேயர் பென்டிரைவைப் பார்த்துவிட்டது, உள்ளே இருக்கும் வீடியோவைத்தான் படிக்க முடியவில்லை என்றே தெரிகிறது. இதை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொரு பென்டிரைவில் ஒரு எம்பி3 பாட்டைப் போட்டு ஓட்டுங்கள். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு விற்றதே, அதுபோல ஒரிஜினல் டிவிடி ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் ஓட்டுங்கள். கல்யாணப் பென்டிரைவை வேறொரு டிவியிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு நன்றாக ஓடுவதைக் காட்டுங்கள். எல்லாவற்றையும் செல்போனில் இடைவெட்டு இல்லாமல் பதிவு செய்யுங்கள். பெட்டியின் எழுத்து, பிளேயரின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், திரையில் வரும் வார்த்தை மூன்றும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்தப் பதிவு கையில் இருந்தால் பரிசோதனைக் கூடம் வரை போக வேண்டி வராது. பரிசோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால்தான் பிரிவு 38(2)-இன்படி பொருளை ஆய்வுக்கு அனுப்புவார்கள். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் குறை செருகிய உடனே கண்ணுக்குத் தெரிகிற குறை.

இதைவிடப் பலமான ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் கம்பெனி பெயரைச் சொல்லி “அதைக் கொடுங்கள்” என்று வாங்கவில்லை. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லிக் கேட்டார். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16(1) இந்த நிலைமைக்காகவே இருக்கிறது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனையாகவே ஆகிவிடும். பிராண்ட் பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டு. ஆகவே கடையில் நடந்த பேச்சைக் கேட்ட வார்த்தைகளிலேயே, தேதியோடு, இன்றே எழுதி வையுங்கள். கூட யாராவது போயிருந்தால் அவரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சுவரில் இருக்கும் போர்டு கடைக்காரரைக் காப்பாற்றாது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. நீங்கள் மூன்றாம் நாளே வாட்ஸ்அப்பில் தெரிவித்தது மிக நல்ல காரியம். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். பில் தராததும் அதே பிரிவில் வரும் இன்னொரு தவறு. ஜிஎஸ்டி பதிவுள்ள கடை 200 ரூபாயும் அதற்கு மேலும் போகும் விற்பனைக்குப் பில் போட்டே ஆக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் என்றில்லை, எல்லா ஊரிலும் இந்த எஸ்டிமேட் சீட்டு வழக்கமாகிவிட்டது. அதை நம்பி ஏமாறுபவர்கள் கூலியை எண்ணிச் செலவு செய்கிறவர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். உங்கள் விஷயத்தில் அந்தச் சீட்டு, ஜிபே ரசீது, வாரன்டி கார்டு மூன்றும் சேர்ந்தால் விற்பனை நடந்ததை நிரூபிக்கப் போதும்.

முதலில் கேஸ் வேண்டாம், ஒரு கடிதம் போதும். கடை முகவரிக்கும், பெட்டியில் அச்சாகியிருக்கும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரிக்கும் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். எந்தத் தேதியில் வாங்கினீர்கள், என்ன சொல்லி விற்றார்கள், என்ன ஓடவில்லை, எப்போது தெரிவித்தீர்கள் என்று எழுதி, 15 நாளில் 2,450 ரூபாயைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். இந்தக் கடிதம் பின்னால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் மேஜைக்குப் போகலாம். “கம்பெனியைப் போய்க் கேளுங்க” என்று கடைக்காரர் ஒதுங்க முடியாது. உங்களிடம் பணம் வாங்கியவர் அவர். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுத் தொகை பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, அமிர்தி வேலூரில். அதனால் தயங்க வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது. வேலூர் ஆணையத்திலேயே கொடுங்கள். பணம் கட்டியது வீட்டுக்காரர் என்றாலும், அவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்தும் நீங்களும் நுகர்வோர்தான், நீங்களே புகார்தாரராக இருக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், காணொளி வழியாக ஆஜராகவும் கேட்கலாம். வீடியோவையும் வாட்ஸ்அப்பையும் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4)-இன்படி ஒரு சான்றிதழை இணைத்துவிடுங்கள். அது இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்ப இடம் வேண்டாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆய்வு தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேல் ஆகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போனால் உங்களுக்குத்தான் நட்டம். ஆகவே காணொளியைக் கேட்டு வாங்குங்கள். இழப்பீடாக லட்சங்களைக் கேட்காதீர்கள். பொருளின் விலை, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு போதும். அளவோடு கேட்பவரை ஆணையம் நம்பும். உத்தரவு வந்தும் கடைக்காரர் பணம் தராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 72-இன்படி சிறைத் தண்டனை வரை போகலாம். உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இதேபோல் வாங்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் பென்டிரைவையும் வீட்டிலுள்ள டிவிடிகளில் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கேயே டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு டிவியில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர் போகும் துளை இருக்கிறதா, எச்டிஎம்ஐ மட்டும்தானா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அரசு இலவசமாகத் தந்த பழைய கலர் டிவி என்றால் மூன்று நிற ஒயர்தான். ‘எம்பி4 பென்டிரைவ் ஓடும்’ என்று பில்லின் மேலேயே கடைக்காரர் கையால் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி, பின்னால் நான் எழுதும் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம்.

கடைசியாக, சித்தப்பாவின் டிவிடி. டிவிடி வெளியிடுபவர்கள் உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பூட்டு வைத்திருக்கிறார்கள்: இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் பகுதி, சிங்கப்பூரும் மலேசியாவும் 3-ஆம் பகுதி. உங்கள் பிளேயர் 5-க்கு மட்டும் என்றால் 3-க்கான தட்டு ஓடாது. பிளேயரின் பின்பக்கத்திலோ பெட்டியிலோ பூமிப் படத்துக்குள் ஒரு எண் இருக்கும், பாருங்கள். எண் 5 என்று அவர்கள் தெளிவாகவே போட்டிருந்தால், இதைக் குறைபாடு என்று சொல்வது பலவீனமான வாதம். சில மாடல்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் இந்தப் பூட்டு திறந்துவிடும். அது குற்றமாகுமோ என்று பயப்பட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை வீட்டில் பார்ப்பது அந்த நோக்கத்தில் சேராது. பிளேயரைக் கழற்றித் திறந்து செய்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் விடாதீர்கள், வாரன்டி போய்விடும். வழக்கு முடியும் வரை ரிமோட் வழியாகவும் எதையும் மாற்றாமல் பிளேயரை வாங்கியபடியே வைத்திருங்கள். அந்த சிங்கப்பூர் டிவிடியைப் பற்றிக் கடிதத்திலும் புகாரிலும் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பென்டிரைவ் ஒன்றை மட்டுமே வைத்துப் போங்கள்.