பட்டையில் வலைமுகவரிக் குறுக்குவழி அமைத்தல்

வட்டார அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்துதல் வழக்கம். வானிலை முன்னறிவிப்பைக் காண விழையும் களப்பணியாளரும், பாடப்பொருளைத் தேடும் ஆசிரியரும் ஒவ்வொரு முறையும் தேடுபொறியில் பெயரை எழுதி, வரும் விடைகளுள் முதலாவதைத் திறக்கின்றனர். இப்பழக்கத்தில் இரு குறைகள் உள. ஒன்று, காலம் வீணாதல். மற்றொன்று அதனினும் கேடு மிக்கது. அரசுத் தளம்போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் சில வேளைகளில் அவ்விடைகளிடையே கலந்திருக்கும். அவற்றில் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ தருவோர் பொருளிழக்க நேரும். ஒருவர் ஒருமுறை முகவரியைக் கவனமாக ஆராய்ந்து திரையிலுள்ள பட்டையில் பதித்துவிடின், பின்வருவோர் அனைவரும் தேடாமலே உரிய தளத்தை அடைவர். அம்முறையை இப்பாடம் விளக்கும்.

பட்டை என்பது யாது?

லினக்ஸ் கணிப்பொறியின் திரையில், மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ நீண்டு கிடக்கும் பகுதி பேனல் அல்லது பட்டை எனப்படும். நிரல்களைத் திறக்கும் படவுருக்களும் கடிகாரமும் அதில் அமைந்திருக்கும். இங்கு நாம் மாத்தே என்னும் திரைச்சூழலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் க்னோம் சூழலின் மூன்றாம் பதிப்பு பழைய பட்டை முறையை மாற்றி வெளிவந்தது. இரண்டாம் பதிப்பின் அமைப்பைத் தொடர்ந்து பேணும் பொருட்டு, அவ்வாண்டிலேயே மாத்தே தோன்றியது. தென்னமெரிக்க மக்கள் பருகும் பானம் ஒன்றின் பெயரே இதற்கு இடப்பட்டது.

முதற்பணி: முகவரியை ஆராய்தல்

இந்திய வானிலைத் துறையின் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயரில் மௌசம், ஐஎம்டி, கவ், இன் என்னும் நான்கு உறுப்புகள் புள்ளிகளாற் பிரிக்கப்பட்டு நிற்கும். இப்பெயரை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். இரட்டைச் சாய்கோட்டிற்கும் அதனையடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கும் இடைப்பட்டதே தளத்தின் பெயர். அப்பெயர் ‘கவ்.இன்’ என முடிதல் வேண்டும். இம்முடிவு அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. இச்சொற்கள் நடுவில் வந்து, இறுதியில் வேறு சொல் நிற்குமாயின், அத்தளத்தை இவ்வடையாளத்தைக் கொண்டு அரசுத் தளமென நம்பலாகாது. பூட்டுச் சின்னம் காணப்படுவதும் போதிய சான்றன்று. செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது என்பதையே அது காட்டும். தளத்தை நடத்துவோர் நேர்மையாளர் என்பதைக் காட்டாது.

அமைக்கும் முறை

1. சரிபார்த்த தளத்தை உலாவியில் திறந்து, முகவரி முழுவதையும் நகலெடுத்துக்கொள்க. கையால் எழுதின் எழுத்துப் பிழை நேரக்கூடும்.

2. பட்டையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, ‘ஆட் டு பேனல்’ என்பதைத் தெரிவு செய்க.

3. தோன்றும் பட்டியலில் ‘கஸ்டம் அப்ளிகேஷன் லாஞ்சர்’ என்பதைச் சேர்க்க. ஒரு படிவம் திறக்கும்.

4. அதில் ‘டைப்’ என்னுமிடத்தில் ‘லொக்கேஷன்’ என்பதைத் தெரிவு செய்க.

5. பெயருக்குரிய இடத்தில் ‘வானிலை’ எனத் தமிழிலேயே எழுதலாம். ‘லொக்கேஷன்’ என்னும் கட்டத்தில் நகலெடுத்த முகவரியை ஒட்டுக.

6. படவுருவை அழுத்திப் பொருத்தமான படம் ஒன்றைத் தேர்ந்து, படிவத்தை ஏற்கச் செய்க.

இனி, பட்டையில் தோன்றும் படவுருவை ஒருமுறை அழுத்தினால், உலாவி அத்தளத்தைத் திறக்கும்.

வகையின் இன்றியமையாமை

நான்காம் படியைக் கருத்தூன்றிச் செய்தல் வேண்டும். குறுக்குவழி என்பது உண்மையில் ஒரு சிறு உரைக்கோப்பே. ‘அப்ளிகேஷன்’ வகைக் கோப்பு கணிப்பொறிக்கு ஒரு கட்டளையை இடும். இணைப்பு வகைக் கோப்போ ஒரு முகவரியை மட்டும் சுட்டும். ஆதலின், வலைத்தளங்களுக்கு இணைப்பு வகையே தக்கது. பிறர் அனுப்பிய குறுக்குவழிக் கோப்புகளை ஆராயாது திறத்தல் கூடாதென்பதற்கும் இதுவே காரணம்.

இணைப்பு வகைக்கு இடந்தராத சூழல்களில் அப்ளிகேஷன் வகையையே கொள்ள நேரும். அங்கு, கட்டளைக்குரிய கட்டத்தில் ‘எக்ஸ்டிஜி-ஓபன்’ என்பதை ரோமன் சிறிய எழுத்துகளில் எழுதி, ஓர் இடம் விட்டு, முகவரியை இரட்டை மேற்கோட்குறிகளுக்குள் இடுக.

பேணுதல்

ஒவ்வொரு பயனர் கணக்கிற்கும் பட்டை தனித்தனியே உண்டு. ஆகவே, ஒரு கணக்கில் அமைத்தது மற்றொன்றில் தோன்றாது. தளங்களின் முகவரி மாறுவதுமுண்டு. எனவே, பருவந்தோறும் ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல் நன்று. மாறியதைப் படவுருவின் மீது வலப் பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ வழியே திருத்துக. வேண்டாததை ‘ரிமூவ் ஃப்ரம் பேனல்’ வழியே நீக்குக. பட்டையில் ஐந்தாறு குறுக்குவழிகளே போதும். மிகுந்தால் கண்டெடுத்தல் அரிதாகும்.

பயிற்சி

1. நும் அலுவலகத்தில் நாள்தோறும் வேண்டப்படும் அரசுத் தளங்கள் மூன்றின் பெயர்களை வலமிருந்து இடமாகப் படித்து எழுதுக.

2. அவற்றுள் ஒன்றிற்குக் குறுக்குவழி அமைத்து, வேறொருவரைக் கொண்டு திறந்து பார்க்கச் செய்க.

3. பூட்டுச் சின்னம் மட்டும் ஏன் போதிய சான்றன்று என்பதை மாணவர்க்கு விளக்குக.